1.3 லட்சத்துல சிமிலன் லைவ்அபோர்டு: நடக்குமா, இல்ல கனவா?

மதுரை_மீன் · ஆகஸ்ட் 11, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில வங்கி வேலை. கடலே இல்லாத ஊர்ல இருந்து டைவிங் கேள்வி கேக்கறேன், சிரிக்காதீங்க. ஓப்பன் வாட்டர் (டைவிங்கோட முதல் கோர்ஸ்) முடிச்சு ரெண்டு வருசம் ஆச்சு, மொத்தம் 14 டைவ் (அந்தமான்ல 9, புதுச்சேரில 5).

படகுலயே தங்கி, தூரத் தீவுகளுக்குப் போய் டைவ் அடிக்கற லைவ்அபோர்டு பயணம் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. லீவு 9 நாள் கிடைக்கும். கையில 1,30,000 ரூபா, அதுக்கு மேல போனா வீட்ல பதில் சொல்ல முடியாது. மாலத்தீவா, தாய்லாந்தோட சிமிலனா, இல்ல நம்ம அந்தமான்ல பாரன் தீவா? போயிட்டு வந்தவங்க உண்மையான செலவச் சொல்லுங்க. இணையத்துல போட்டிருக்கற படகு விலைய மட்டும் நம்பி இறங்க பயமா இருக்கு.

நீரடி_நித்யா · ஆகஸ்ட் 11, இரவு 11:20

பயம் நல்லது தம்பி. அந்த விலை பாதிக்கதைதான்.

பாரன் தீவு: இந்தியாவோட ஒரே உயிருள்ள எரிமலை, பேரைக் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். ஆனா ஓடற படகு குறைவு, அனுமதி வாங்கணும், உன் பட்ஜெட்டுக்கு எட்டாது.

மாலத்தீவு: பெரும்பாலும் 7 இரவு பயணம். டாலர் கணக்கு. பசுமை வரி மட்டும் 2025 ஜனவரில இருந்து படகுல தங்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், அதுக்கு மேல ஜிஎஸ்டி 17 சதவீதம். அதை விடு, நீரோட்டம்தான் பெரிய விசயம். தீவுகளுக்கு நடுவுல இருக்கற கால்வாய் வாயில, அடிச்சுட்டுப் போகாம பாறைல கொக்கி மாட்டிக்கிட்டு சுறா பாக்கறது 14 டைவ்காரருக்கான வேலை இல்ல. நல்ல படகுகள் 50 டைவ் இருக்கான்னு கேக்கும்.

சிமிலன்: 4 பகல் 4 இரவு, 14 டைவ் மாதிரி. நான் போன பிப்ரவரில போனேன், மொத்தமும் சேர்த்து 1.35 ஆச்சு. இழுத்துப் பிடிச்சா உன் கணக்குக்குள்ள வரும்.

பினாங்கு_பாலன் · ஆகஸ்ட் 12, காலை 7:05

பினாங்குல இருந்து வணக்கம் தம்பி. நான் சிமிலனுக்கு மூணு தடவ போயிருக்கேன். பேரு எங்க மலாய் வார்த்தைதான்: செம்பிலான்னா ஒன்பது. ஒன்பது தீவு, நம்பர் போட்டுதான் கூப்பிடுவாங்க. எட்டாம் நம்பர்தான் சிமிலன் தீவு.

காலண்டர முதல்ல பாருங்க. அந்தப் பூங்கா அக்டோபர் 15ல திறந்து மே 15ல மூடிடும். நடுவுல தென்மேற்குக் காத்து, கடல் கொதிக்கும். திமிங்கிலச் சுறா பாக்கணும்னா பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் வாய்ப்பு கூட. டிசம்பர் கடைசி வாரம் போகாதீங்க, விலையும் கூட, தண்ணிக்கடியில மனுசக் கூட்டமும் கூட.

இன்னொண்ணு: சென்னைல இருந்து கோலாலம்பூர் வந்து அங்கேர்ந்து புக்கெட் போற டிக்கெட்டயும் பாருங்க. சில சமயம் பேங்காக் வழிய விட நூறு இருநூறு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கம்மியா விழும். ஆனா ரெண்டு தனித்தனி டிக்கெட்டா எடுத்தா முதல் விமானம் தாமதமானா ரெண்டாவது போச்சு. படகு உங்களுக்காக நிக்காது.

கணக்குப்பிள்ளை · ஆகஸ்ட் 12, காலை 9:31

எதுக்கு லைவ்அபோர்டு? தாய்லாந்துக் கரைல காவ் லாக்ங்கற ஊர்ல ரூம் போட்டு தினமும் வேகப்படகுல போயிட்டு வந்தா போதும். வேணும்ங்கற நாள் போகலாம், வேணாம்னா படுத்துக்கலாம்.

நீரடி_நித்யா · ஆகஸ்ட் 12, காலை 10:02

பேரு கணக்குப்பிள்ளை, கணக்குப் போடலையே சார். ஒரு நாள் பயணம் 6,000 பாத்துக்கு (தாய்லாந்துக் காசு) குறையாம வரும், 2 இல்ல 3 டைவ். படகு 28,000 பாத்னு வச்சுக்கோங்க, 14 டைவ்: ஒரு டைவ் 2,000 பாத். அதுலயே சாப்பாடு, படுக்கை, பிக்கப் எல்லாம் அடக்கம். ரிச்செலியூ பாறை கரைல இருந்து ரொம்ப தூரம். பகல் படகுகள் வந்து சேர்றதுக்குள்ள, லைவ்அபோர்டுல இருக்கறவன் காலை ஆறரைக்கே முதல் ஆளா இறங்கியிருப்பான். அந்த ஒரு டைவுக்காகவே நான் காசு கொடுப்பேன்.

கணக்குப்பிள்ளை · ஆகஸ்ட் 12, காலை 10:15

கடல் நோய் வந்து நாலு நாளும் வாந்தி எடுத்தா ஒரு டைவ் எவ்வளவுன்னும் சொல்லுங்க.

நீரடி_நித்யா · ஆகஸ்ட் 12, காலை 10:19

அது நியாயமான கேள்விதான், ஒத்துக்கறேன். மதுரை_மீன், படகுல உனக்குத் தலை சுத்துமா?

மதுரை_மீன் · ஆகஸ்ட் 12, மதியம் 1:40

கொடைக்கானல் பஸ்லயே சுத்தும் அக்கா.

பழைய_டேங்க் · ஆகஸ்ட் 12, இரவு 8:55

22 வருசமா சொல்லிக் கொடுக்கறவன். கொஞ்சம் நீளமா எழுதறேன்.

தலைசுத்தலுக்கு: டாக்டர்ட்ட கேட்டு மாத்திரைய இங்கேயே ஒரு தடவ போட்டுப் பாரு. சிலது தூக்கம் வரவைக்கும். தூக்கக் கலக்கத்தோட 20 மீட்டர்ல இருக்கக் கூடாது. படகு கிளம்பறதுக்கு முன்னாடியே போடணும், வாந்தி வந்தப்புறம் போட்டா பிரயோசனம் இல்ல. கேபின் கீழ்த்தளத்துல நடுவுல கேளு. அதுதான் விலையும் கம்மி, ஆட்டமும் கம்மி. மேல்தளத்துல கூடக் காசு கொடுத்து ஊஞ்சல் ஆடறாங்க.

இப்ப முக்கியமான விசயம். 14 டைவ், ரெண்டு வருசத்துல. கடைசியா எப்ப இறங்கின? பதில் "போன வருசம்"னா நீ இப்ப லைவ்அபோர்டுக்குத் தயாரில்ல. வருத்தப்படாத. ஓப்பன் வாட்டர் 18 மீட்டர் வரைதான். அந்தப் பயணத்துல வர்ற கோ போன், கோ தாச்சாய் தீவுகள், ரிச்செலியூ எல்லாம் அதுக்குக் கீழயும் போற இடம், நீரோட்டமும் உண்டு. அடுத்த கோர்ஸான அட்வான்ஸ்டு முடி, 30 மீட்டர் கிடைக்கும். படகுலயே கோர்ஸ் எடுக்கலாம்னு சொல்வாங்க, எடுக்காத. 2,000 பாத் மதிப்புள்ள டைவ ஒவ்வொண்ணையும் திசைகாட்டியப் பார்த்துக்கிட்டே கழிப்ப. கர்நாடகாவுல நேத்ராணி தீவு அக்டோபர்ல திறக்கும். முருடேஸ்வர் போய் அங்க முடிச்சிட்டு வா.

அந்தமான் கடலுக்குன்னே ஒரு குணம் இருக்கு. மேல தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும், கீழ சூடான அடுக்குக்கும் குளிர்ந்த அடுக்குக்கும் நடுவுல பெரிய அலை ஓடிக்கிட்டிருக்கும். உள்ளலைன்னு சொல்வாங்க. அது தீவோட மேற்குப் பக்கத்துல வந்து மோதும்போது ஆழத்துத் தண்ணிய மேல தூக்கும். 28 டிகிரில சுகமா மிதந்துக்கிட்டிருப்ப, ஒரு நிமிசத்துல பச்சையா, குளிரா, கண்ணு தெரியாம ஆயிடும். மேற்குப் பக்கம் வீடு மாதிரி பெரிய கருங்கல் பாறைகளா கிடக்கறதும், கிழக்குப் பக்கம் சாந்தமான பவளச் சரிவா இருக்கறதும் சும்மா இல்ல. அதனால 3 மில்லிமீட்டர் வெட்சூட் கொண்டு போ, அரை டவுசர் வேணாம்.

திருமலைக்_கடல் · ஆகஸ்ட் 13, காலை 6:48

நான் திருகோணமலை. சோழகம் (தென்மேற்குக் காத்து) வீசேக்க சிமிலன் பூட்டு, எங்கட பக்கம் திறப்பு. இப்ப ஆகஸ்டு, இங்க கடல் இன்னும் நல்லாத்தான் கிடக்கு, செப்டம்பர் வரைக்கும் ஓடலாம். மதுரையில இருந்து கொழும்புக்கு நேர விமானம் இருக்குதுதானே. நாலு நாள் வந்து பழகிப்போட்டு போங்கோ. வாடை துவங்கினாப் பிறகு வந்தால் நாங்களும் கரையில குந்திக்கொண்டு கடலைப் பாக்கவேண்டியதுதான்.

சைவப்பூனை · ஆகஸ்ட் 13, காலை 11:12

நடுவுல ஒரு சின்ன சந்தேகம். சுத்த சைவம் அந்தப் படகுல உயிரோட இருக்க முடியுமா?

பினாங்கு_பாலன் · ஆகஸ்ட் 13, மதியம் 12:30

முடியும், ஆனா முன்கூட்டி எழுத்துல சொல்லணும். தாய்க்காரங்க காய்கறிப் பொரியல்லயும் நாம் ப்ளா ஊத்துவாங்க, அது மீன் சாறு. "மீன் வேண்டாம்"னு சொன்னா மீன் துண்ட மட்டும் எடுத்துட்டு சாறோட கொடுப்பாங்க. "ஜே"ன்னு சொல்லுங்க. அது அவங்க விரதச் சாப்பாடு: மீன் சாறு, முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. முட்டை பரவாயில்லன்னா "மங்ஸவிராட்". சின்னப் படகுல சமையல்காரம்மா ஒருத்தங்கதான் இருப்பாங்க, அவங்ககிட்ட முதல் நாளே சிரிச்சுப் பேசி வச்சுக்கணும். ஊறுகாய் பாட்டில் மறக்காதீங்க.

மதுரை_மீன் · ஆகஸ்ட் 16, இரவு 9:18

ஐயா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. பிப்ரவரி கடைசி வாரம்னு முடிவு பண்ணிட்டேன். நேத்ராணி டிசம்பர்ல.

ரெண்டு படகு பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு 28,000 பாத். இன்னொண்ணு 21,500, கடைசி நேரத் தள்ளுபடின்னு இப்பவே போட்டிருக்கான்! ஆறு மாசம் முன்னாடி என்ன கடைசி நேரம்னு தெரியல. போட்டோல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு.

கணக்குப்பிள்ளை · ஆகஸ்ட் 16, இரவு 9:40

21,500 எடுங்க. 6,500 பாத் மிச்சம், இன்னிக்கு ரேட்டுல 17,500 ரூபா. அதே கடல், அதே மீன். மீனுக்கு உங்க படகு விலை தெரியாது.

பழைய_டேங்க் · ஆகஸ்ட் 16, இரவு 10:31

கணக்குப்பிள்ளை சொல்றதுல பாதி சரி. கேபின் சின்னதா இருக்கட்டும், ஏசி சத்தம் போடட்டும், பாத்ரூம் பொதுவா இருக்கட்டும், அதுல எல்லாம் மிச்சம் பிடி. எதுல பிடிக்கக் கூடாதுன்னு சொல்றேன்.

2019 செப்டம்பர் 2, கலிஃபோர்னியா, கன்செப்ஷன்ங்கற டைவ் படகு. ராத்திரி தீப்பிடிச்சு 34 பேர் செத்தாங்க. எல்லாரும் கீழ்த்தளத்துல தூங்கிட்டிருந்தவங்க. வெளிய வர ரெண்டு வழி இருந்துச்சு, ரெண்டும் ஒரே அறைக்குள்ளதான் திறந்துச்சு. அந்த அறைலதான் தீ. ராத்திரி சுத்தி வந்து பாக்க ஆள் யாரும் முழிச்சிருக்கல. அது ஏழைப் படகு இல்ல, பேர் பெத்த படகு. 2024 நவம்பர்ல செங்கடல்ல சீ ஸ்டோரிங்கற டைவ் படகு கவிழ்ந்தப்ப, ஒரு நாளுக்கு மேல ஆன பிறகு உள்ள மாட்டினவங்கள உயிரோட வெளிய எடுத்தாங்க. எல்லாரையும் எடுக்க முடியல.

அதனால ரெண்டு படகுக்கும் ஒரே மெயில் அனுப்பு. ராத்திரி காவல் யாரு? கேபின்ல இருந்து ரெண்டாவது வழி எங்க போய்த் திறக்கும்? கேமரா, டார்ச் பேட்டரி சார்ஜ் எங்க, ராத்திரி பூரா போட விடுவாங்களா? ஆக்சிஜன் எத்தனை சிலிண்டர்? ஒரு கைடுக்கு எத்தனை பேர்? பதில் வர்ற விதத்துலயே தெரிஞ்சிடும்.

மதுரை_மீன் · ஆகஸ்ட் 21, மாலை 6:03

அப்டேட். 28,000 படகு மறுநாளே பதில் போட்டுச்சு. தீ ஒத்திகை படம், தப்பிக்கற வழியோட வரைபடம், ஒரு கைடுக்கு 4 பேர், பேட்டரி சார்ஜ் திறந்த தளத்துல பகல்ல மட்டும்.

21,500 காரர் பதில்: "டோண்ட் வொரி மை ஃப்ரெண்ட்." கூட ரெண்டு சிரிக்கற பொம்மை.

கணக்குப்பிள்ளை · ஆகஸ்ட் 21, மாலை 6:20

சரி, வாபஸ் வாங்கிக்கறேன்.

நீரடி_நித்யா · ஆகஸ்ட் 21, இரவு 8:47

முன்பணம் கட்றதுக்கு முன்னாடி மூணு விசயம்.

மருத்துவப் படிவம். இப்பவே இறக்கிப் படிச்சுப் பாரு. ஆஸ்துமா, ரத்த அழுத்தம், காது ஆபரேஷன்னு எதுக்காவது "ஆம்" போட்டா டாக்டர் கையெழுத்து வேணும். என் தோழி சின்ன வயசு வீசிங்குக்கு நேர்மையா "ஆம்" போட்டா, கையெழுத்து இல்ல, துறைல கடைசி நிமிசத்துல நிறுத்திட்டாங்க. நாலு நாளும் ஸ்நார்க்கல் போட்டு மேலாக மிதந்தா, முழுக் காசும் கட்டினவ. அவங்க செஞ்சது சரிதான், ஆனா அந்தப் படிவத்த முன்னாடியே அனுப்பியிருக்கலாம் இல்லையா? பொய் சொல்லி "இல்லை" போடாத. காப்பீடும் போகும், உயிரும் போகும்.

காப்பீடு. நம்ம ஊர் பயணக் காப்பீட்டுல ஸ்கூபா பெரும்பாலும் விலக்கா இருக்கும், இல்ல ஆழத்துக்கு வரம்பு இருக்கும். சின்ன எழுத்தப் படி. புக்கெட்ல டைவர்களுக்குச் சிகிச்சை தர்ற அழுத்த அறை இருக்கு, ஆனா பில் உன்னோடது. டைவிங்குக்குன்னு தனியா எடு.

திரும்பற டிக்கெட். பல நாள் தொடர்ந்து டைவ் அடிச்சா விமானம் ஏற குறைஞ்சது 18 மணி நேரம் விடணும், நான் 24 விடுவேன். நாலாம் நாள் மதியம் கரைக்கு வருவ. அன்னிக்கு ராத்திரி டிக்கெட் மலிவா இருக்குன்னு போட்டுடாத. ஒரு ராத்திரி ரூம் வாடகை அங்க 900 பாத்துக்குக் கிடைக்கும்.

பினாங்கு_பாலன் · ஆகஸ்ட் 22, காலை 7:30

காசு கட்டும்போது கார்டு மிஷின் "ரூபாயா, பாத்தா"ன்னு கேக்கும். பாத்னு அமுக்குங்க. ரூபான்னு அமுக்கினா அவன் போடற ரேட்டுதான்.

அப்புறம் சன்ஸ்கிரீன். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தது தாய்லாந்து தேசியப் பூங்காக்கள்ல 2021ல இருந்து தடை. முழுக்கைச் சட்டை போட்டா ரெண்டு பிரச்சினையும் தீர்ந்துச்சு.

மதுரை_மீன் · டிசம்பர் 22, இரவு 10:10

நேத்ராணி முடிஞ்சது. அட்வான்ஸ்டு கையில. இப்ப 21 டைவ். பழைய_டேங்க் ஐயா சொன்னது சரி, முதல் டைவ்ல மாஸ்க்ல தண்ணி எடுக்கவே திணறினேன். இத ரிச்செலியூல போய் செஞ்சிருந்தா அவமானம்.

ஒரு கேள்வி: டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் கணக்குப் போடற கைக்கருவி) வாடகைக்கு எடுக்கவா, வாங்கவா? நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக் கலந்த காத்து) வேணுமா?

பழைய_டேங்க் · டிசம்பர் 23, காலை 6:20

கம்ப்யூட்டர் வாங்கு, பழசானாலும் சரி. நாலு நாள்ல 14 டைவ், உடம்புல நைட்ரஜன் சேர்ந்துக்கிட்டே போகும். உன் கணக்க உன் கைலதான் வச்சுக்கணும், கைடு கைல இல்ல. மாஸ்க்கும் உன்னோடதா இருக்கட்டும். மத்தது வாடகை போதும்.

நைட்ராக்ஸ் நல்லது, கட்டாயமில்ல. எடுத்தா 32 சதவீத ஆக்சிஜனுக்கு 34 மீட்டர்தான் எல்லை, அது ஞாபகம் இருக்கட்டும். உன் பட்ஜெட்டுக்கு இந்தத் தடவ காத்தே போதும். மூணாம் நாள் மதியம் ஒரு டைவ விட்டுட்டுத் தூங்கு. எல்லா டைவும் அடிச்சே தீருவேன்னு நிக்கறவன்தான் சிக்கல்ல மாட்டுவான்.

நீரடி_நித்யா · டிசம்பர் 23, காலை 9:00

எஸ்எம்பி (தண்ணிக்கு மேல அனுப்பற அடையாள மிதவை) வாங்காத, என்னோடத அனுப்பறேன், நூல் சுத்தின ரீலோட. நீரோட்டத்துல பிரிஞ்சுட்டா அந்த ஆரஞ்சுக் குழாய்தான் உன்ன டிங்கிக்காரன் கண்ணுல காட்டும். போறதுக்கு முன்னாடி நீச்சல் குளத்துல நாலு தடவ விட்டுப் பழகு.

மதுரை_மீன் · மார்ச் 4, இரவு 11:37

வந்துட்டேன். முதல்ல கணக்கு, அதத்தான் இங்க எல்லாரும் கேப்பீங்க.

விமானம் 23,400, சென்னைக்கு ரயிலும் டாக்சியும் 2,100. படகு 28,000 பாத், எனக்கு விழுந்த ரேட்டுல 75,600 ரூபா. பூங்காக் கட்டணம் 2,000 பாத், அதாவது 5,400. இத விளம்பரத்துல எங்கயும் பெருசாப் போடல. ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி), பிசிடி (மிதவைச் சட்டை), வெட்சூட் வாடகை அதே 5,400. காப்பீடு 4,600. முன்ன ஒரு ராத்திரி, பின்ன ஒரு ராத்திரி ரூம் 5,130. படகுப் பசங்களுக்கு டிப்ஸ் 1,500 பாத், 4,050. கரைச் சாப்பாடு, சிம் எல்லாம் 3,200. ஆகமொத்தம் 1,28,880. ஆயிரத்து நூத்தி இருபது ரூபா மிச்சம்!

கணக்குப்பிள்ளை · மார்ச் 4, இரவு 11:44

நேத்ராணி கோர்ஸ்? கம்ப்யூட்டர்?

மதுரை_மீன் · மார்ச் 4, இரவு 11:46

அத வீட்லயும் கேக்கல, நீங்க ஏன் சார் கேக்கறீங்க. சரி, அதையும் சேர்த்தா 1.65 தொடும். இத முதல்லயே தெரிஞ்சுக்கணும்னு யாராவது வந்து படிச்சா அவங்களுக்காக எழுதி வைக்கறேன்.

இனி கடல். முதல் நாள் சிமிலன் கிழக்குப் பக்கம், குளம் மாதிரி. மாத்திரை வேலை செஞ்சது, கீழ்த்தளக் கேபின் தொட்டில் மாதிரி இருந்துச்சு. ரெண்டாம் நாள் யானைத்தலைப் பாறை. பாறைக்கு நடுவுல புகுந்து வெளிய வர்ற வழில மேல பார்த்தா வெளிச்சம் கோபுர வாசல் மாதிரி விழுது. கோ போன்ல மந்தா திருக்கை வரும் வரும்னு ஒரு மணி நேரம் நீல வெளியப் பார்த்துக்கிட்டே இருந்தேன். வரல. பக்கத்துப் படகுக்காரங்களுக்கு மதியம் வந்துச்சாம்.

ரிச்செலியூல மூணு டைவ். முதல் டைவ்ல அந்தப் பச்சைத் தண்ணி வந்து எட்டு மீட்டருக்கு மேல ஒண்ணும் தெரியல, குளிர்ல பல்லு கிடுகிடுத்துச்சு. தூரத்துல ஒண்ணும் தெரியாததால பக்கத்துல பார்த்தேன். ஊதாப் பவளத்துக்குள்ள விரல் நீளக் கடல்குதிரை ஒண்ணு, வால சுத்திப் பிடிச்சுக்கிட்டு, எங்க எல்லாரையும் விட நிதானமா இருந்துச்சு. ரெண்டாவது டைவ்ல தண்ணி தெளிஞ்சு பாறை முழுக்கத் தெரிஞ்சப்ப கூட மனசு அந்தக் குதிரைகிட்டயே இருந்துச்சு. திமிங்கிலச் சுறா? இல்ல. கேக்காதீங்க.

மூணாம் நாள் மதியம் தூங்கினேன் ஐயா. 13 டைவ்தான் அடிச்சேன். கடைசி டைவ் பூன்சுங், 1984ல மூழ்கின, வெள்ளீயம் தோண்டற கப்பல். 2004 சுனாமி அத உடைச்சுத் துண்டு துண்டாப் போட்டிருக்கு. ஒவ்வொரு துண்டுலயும் மீன் அடைஞ்சு கிடக்கு.

சைவப்பூனை, எங்க படகுல ஒரு குஜராத்திக்காரர் "ஜே"ன்னு சொல்லி நாலு நாளும் டோஃபு சாப்பிட்டார். கடைசி நாள் என் மாவடு பாட்டில அவர்தான் காலி பண்ணினார்.

நித்யா அக்கா, எஸ்எம்பிய நல்ல தண்ணில அலசிக் காய வச்சிருக்கேன், இந்த வாரம் பார்சல் போடறேன். ரீல்ல நூல் ரெண்டு மீட்டர் குறையும்.

நீரடி_நித்யா · மார்ச் 5, காலை 7:12

ஏன் குறையும்?

மதுரை_மீன் · மார்ச் 5, காலை 7:30

ஒரு சின்ன முடிச்சு. கைடோட துடுப்புல. கத்தி அவர்கிட்ட இருந்துச்சு, அதனால பிரச்சினை இல்ல.

பழைய_டேங்க் · மார்ச் 5, காலை 7:33

நீச்சல் குளத்துல எத்தனை தடவ விட்டுப் பழகினன்னு உண்மையச் சொல்லு.

மதுரை_மீன் · மார்ச் 5, காலை 7:51

ஒண்ணு.